பிடுங்குவதற்கு இலவசம், காப்பதற்குக் கட்டணம்

மாதம் பிறந்ததும் ஒரு சாமானியக் குடும்பத்தில் எழுதப்படும் வரவு செலவுக் கணக்கில் வாடகைக்கு ஓர் இடம் உண்டு. அரிசி பருப்புக்கும், பாலுக்கும், மின் கட்டணத்துக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், சீட்டுப் பணத்துக்கும், எப்போது வருமென்று தெரியாத காய்ச்சல் தலைவலிக்கும்கூட அதில் ஏதோ ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் பல்லுக்கென்று ஒரு தொகையை எடுத்துவைக்கும் குடும்பத்தை நம்மில் பெரும்பாலோர் கண்டிருக்க மாட்டோம். தாய் தந்தையர், இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி என்று ஐந்து பேர் வாழும் வீட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பற்கள் இருக்கின்றன என்பதையும், அவற்றுள் ஒன்றாவது ஏதேனும் ஒரு கோளாறுக்கு உள்ளாகாத ஆண்டு அபூர்வம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்த விடுபாடு வியப்புக்குரியது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது சுமார் 350 கோடிப் பேர், வாய் சம்பந்தமான ஏதோ ஒரு வியாதியுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. அவர்களுள் சுமார் 200 கோடிப் பேருக்கு இருப்பது, நிரந்தரப் பல்லில் விழுந்து சிகிச்சை பெறாமலே கிடக்கும் சாதாரணச் சொத்தை.

இவ்வளவு சர்வ சாதாரணமான ஓர் உபாதை குடும்பத்தின் கணக்கிலும் சர்க்காரின் கணக்கிலும் ஒருசேர இடம்பெறாமல் போயிருப்பதே இங்கே நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம். என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏழையின் பல்லைப் பிடுங்கி எறிவதற்கு நம் நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. அதைக் காப்பாற்றிக் கொடுப்பதற்கு ஏற்பாடு மிகமிகக் குறைவு. காசுள்ளவனுடைய பல் காக்கப்படுகிறது, இல்லாதவனுடைய பல் களையப்படுகிறது. இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த அநீதியன்று. பல சிறு அலட்சியங்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உண்டான நிலைமை. ஆதலால் இதை மாற்றவும் முடியும் என்று நம்புகிறேன்.

பற்சொத்தை ஆளைப் படுக்கையில் தள்ளித் தன் வருகையை அறிவிக்கும் வியாதியன்று. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவையும் வாயிலுள்ள நுண்கிருமிகள் உண்டு அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலை அணுவணுவாகக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு இல்லையாகையால் அந்தக் காலம் முழுவதும் வலி சிறிதும் தெரிவதில்லை. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி தெரியலாம், அவ்வளவே. அந்த நிலையில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றால், கெட்ட பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரே அமர்வில் அடைத்து அனுப்பிவிடுவார். செலவும் சில நூறு ரூபாய்களிலிருந்து ஆயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். புள்ளி குழியாகி, எனாமலுக்கு அடியிலுள்ள தந்தினியைத் தொடும்போது, குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் உண்டாகிறது. அப்போதும் நம்மவர்கள் அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு மறுபக்கத்தால் மென்றுகொள்கிறார்களே தவிர, மருத்துவரை நாடுவதில்லை. குழி மேலும் ஆழ்ந்து நடுவிலுள்ள நரம்புக் கூழை எட்டிய பிறகே, இரவில் படுத்தவுடன் ரத்தம் தலைப்பக்கம் ஏறி, கன்னம் முழுவதும் தெறிக்கும் அந்த வலி வருகிறது. மருத்துவரைத் தேடி ஓடும் நேரம் அது. ஆனால் அடைத்து விடும் காலம் அப்போது கடந்துபோயிருக்கும்.

இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. வலி வந்த இரவில் கிராம்பைக் கடித்தும், மறுநாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை விழுங்கியும் சில நாட்களைத் தள்ளிய பிறகு, வலி தானாகவே நின்றுவிடுவதுண்டு. கிருமி வென்று, நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது. குடும்பமோ குணமாகிவிட்டதென்று ஆறுதல் கொள்கிறது. சில மாதங்கள் கழித்து வேரடியில் சீழ் கோத்து முகம் வீங்கும்போதுதான் உண்மை தெரிகிறது. கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக் குழலையே அடைத்துவிடக்கூடும் என்பதை 1836-இலேயே ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் எழுதிவைத்தார். அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. செல்வத்தில் முதலிடம் வகிக்கும் அமெரிக்காவில், மேரிலாந்து மாகாணத்தில், 2007-ஆம் ஆண்டு பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒற்றைச் சொத்தைப் பல்லிலிருந்து கிருமி மூளைக்கு ஏறி இறந்துபோனான். சிகிச்சை கொடுக்க மருத்துவர்கள் இல்லாத ஊரில் அவன் பிறக்கவில்லை. அந்தச் சிகிச்சையை எட்டிப் பிடிக்க முடியாத குடும்பத்தில் பிறந்தான்.

எட்டிப் பிடிக்க முடியாமை என்பது நம் ஊரில் எப்படிப்பட்டது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நரம்பு வரை கெட்ட ஒரு பல்லைக் காக்க, ஜனங்கள் ரூட் கெனால் என்று சொல்லும் வேர்ச்சிகிச்சை வேண்டும். அதன் பின் பல் உடையாமல் இருக்க மேலே கேப் போடவேண்டும். ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் கட்டணம் மாறினாலும், தமிழ்நாட்டின் நகரங்களில் ஒரு சாதாரணத் தனியார் கிளினிக்கில் இவ்விரண்டையும் சேர்த்து 8,000, 10,000 ரூபாய் என்பது அசாதாரணமான தொகையன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு பல்லின் விலை ஏறத்தாழ ஒரு மாதக் கூலியாகிறது. அதே கிளினிக்கில் பல்லைப் பிடுங்க ஐந்நூறோ ஆயிரமோ போதும். அரசு மருத்துவமனையிலானால் அதுவும் இல்லை. பிடுங்குவதைத் தேர்ந்தெடுத்த தகப்பனை அறியாதவன் என்று யாரேனும் சொன்னால், அவர்கள் கூட்டல் கழித்தல் அறியாதவர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கட்டணம் கேட்கும் மருத்துவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருடைய நாற்காலி, காற்றழுத்தக் கருவி, எக்ஸ்-ரே, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிக்கும் இயந்திரம் ஆகிய யாவும் அவரே கடன் வாங்கிப் போட்ட முதல். பொது மருத்துவர் ஒரு மேசையும் ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டு தொழிலைத் தொடங்கிவிடலாம். பல் மருத்துவரால் அவ்வாறு முடியாது. தனியார் கல்லூரியில் ஐந்தாண்டு படித்ததற்கான கடனும் பலருக்குத் தலைமேல் இருக்கிறது. அவர் கேட்பது நியாயமான தொகையாக இருந்தாலும், கொடுக்க வேண்டியவரின் வருமானத்தோடு அது பொருந்தவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது தனி மனிதரின் தர்ம சிந்தையால் ஆகக்கூடிய காரியமன்று.

இந்த இடைவெளி வீட்டுக்குள்ளேயும் ஒரு வரிசையை உண்டாக்குகிறது. கையில் வந்த பணத்தில் முதலில் பார்க்கப்படுவது வேலைக்குப் போகும் ஆளின் பல்; ஏனெனில் வலியோடு அவர் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போயிற்று. அடுத்தது, தேர்வு நெருங்கும் வகுப்பில் படிக்கும் பிள்ளையினுடையது. சிறிய பிள்ளைக்கு இருப்பது பால் பல்தானே, அது விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டிக்கு இருப்பதே நாலைந்து பல்; குழையக் குழைய வடித்த சோறும் ரசமும் போதும் என்று அவரே சொல்லிவிடுகிறார். தாயின் பல் கடைசி. கருவுற்றிருக்கும் காலத்தில் பெண்களின் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும் என்பதும், அப்போது கவனிப்பு அவசியம் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மைகள். ஆயினும் நம் வீடுகளில், பிள்ளை பெற்றால் பல் போகத்தான் செய்யும் என்ற ஒரு முடிவு தலைமுறை தலைமுறையாக வந்து, நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களை இழந்த பெண்ணை யாருக்கும் அதிசயமாகத் தோன்றவிடாமல் செய்திருக்கிறது. குடும்பச் செலவைக் குறைக்கும் பொறுப்பு முழுவதும் தன் மேல் விழுந்தவள் தன் உடம்பிலேயே அதைத் தொடங்குகிறாள். பல் சிகிச்சையின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

பால் பல்லைப் பற்றிய எண்ணம் எவ்வளவு பெரிய நஷ்டத்துக்குக் காரணமாகிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கிறது. வாழ்நாள் முழுவதும் மெல்லுவதன் பெரும்பகுதியைச் சுமக்கப் போகும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. எந்தப் பல்லும் விழாமல் முளைத்ததாலேயே, பெற்றோர் அதையும் பால் பற்களுள் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பதால், பிஸ்கட்டும் மிட்டாயும் அங்கேயே தங்குகின்றன. பிரஷ்ஷின் முனை அவ்வளவு உள்ளே எட்டுவதுமில்லை. பன்னிரண்டு வயதில் அது சொத்தையாகி, பதினைந்தில் பிடுங்கப்பட்டு, முப்பதில் அந்தப் பக்கத்துப் பற்கள் எல்லாம் இடம் பெயர்ந்து சாய்ந்து கிடக்கும் வாயை எந்தப் பல் மருத்துவரும் தினந்தோறும் காண்கிறார். ஆறாம் வயதில் அந்தப் பள்ளங்களை மெல்லிய பிசினால் மூடி அடைக்கும் ஒரு சிறு காரியம் நடந்திருந்தால் பல் நெடுங்காலம் நின்றிருக்கும். நம் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு இதைச் செய்துவிட என்ன தடை இருக்கிறது?

இனி, அரசு மருத்துவமனையின் நிலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், வட்ட மருத்துவமனைகளிலும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. பிற மாநிலங்கள் பலவற்றை நோக்க இது பெருமைப்படத்தக்க ஸ்திதியே. சில இடங்களில் அடைப்பும் வேர்ச்சிகிச்சையும் செய்து கொடுக்கப்படுவதும் உண்டு. ஆனால் ஓ.பி. சீட்டுடன் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு முன்னால், ஒரே நாற்காலியும் ஒரே மருத்துவரும் இருக்கும்போது, என்ன நடக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். பல் பிடுங்க ஓர் ஊசியும், ஒரு குறடும், சில நிமிஷங்களும் போதும். வேர்ச்சிகிச்சைக்கோ, நோயாளி இரண்டு மூன்று முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணியோ முக்கால் மணியோ நாற்காலியில் இருக்கவேண்டும், நுண்ணிய ஃபைல் ஊசிகள் வேண்டும், எக்ஸ்-ரே வேண்டும், கடைசியில் கேப் செய்து தரும் லேப் வேண்டும். கேப்புக்கு வெளியே போகச் சொன்னால் மீண்டும் காசுப் பிரச்சினை. ஆகவே கடமையுணர்ச்சி நிறைந்த மருத்துவரும், கூட்டத்தை அன்றே பார்த்து முடிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், பிடுங்கும் பக்கமே சாய்கிறார். அவருடைய வேலையைக் கணக்கெடுக்கும் பதிவேட்டிலும் எத்தனை பற்கள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கை ஏறுவது எளிது. எத்தனை பற்கள் காக்கப்பட்டன என்று கேட்பவர் குறைவு.

உயர்ந்த சிகிச்சை வேண்டுவோருக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் 1953-இல் தொடங்கப்பட்ட கல்லூரி பல தலைமுறைகளுக்குப் பணி செய்திருக்கிறது. சிதம்பரத்தில் ஒன்றும், 2023-இல் புதுக்கோட்டையில் தொடங்கப்பட்ட ஒன்றும் இன்று அதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் ஒரு குடும்பம் சென்னைக்கு நான்கு முறை வந்து போகும் பஸ் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்தால், இலவசச் சிகிச்சை இலவசமாக இருப்பதில்லை. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். மாணவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிகிச்சைகளைச் செய்தால்தான் தேர்ச்சி பெற முடியும் என்பதால், அந்தக் கல்லூரிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் முகாம்கள் நடத்தி, தம் பஸ்ஸிலேயே ஜனங்களை அழைத்து வந்து, குறைந்த கட்டணத்திலோ கட்டணமின்றியோ சிகிச்சை அளிக்கின்றன. ஆசிரியர் ஒவ்வொரு படியிலும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மாணவர் அடுத்த படிக்குப் போவதால் வேலை மெதுவாக நடக்கும். ஆனால் பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். பொறுமையும் ஓய்வு நாட்களும் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். எனினும், ஒரு குடும்பத்தின் பல் சிகிச்சை, அருகில் கல்லூரி இருக்கிறதா, இந்த ஆண்டு மாணவர்களுக்கு எந்தச் சிகிச்சை எத்தனை தேவைப்படுகிறது என்னும் தற்செயல்களைப் பொறுத்து நிற்பது சரியான ஏற்பாடாகாது.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வழங்கும் ஏற்பாடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இருதய அறுவைக்கும் சிறுநீரகச் சிகிச்சைக்கும் செய்திருக்கும் உபகாரம் மகத்தானது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் பெரிய சிகிச்சைகளை மனத்தில் கொண்டு அமைந்தது; காலையில் போய் மதியம் திரும்பும் பல் சிகிச்சை அதன் போக்கோடு பொருந்துவதில்லை. சொந்தக் காசில் வாங்கும் தனியார் மெடிக்ளெய்ம்களிலும், விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தாலொழிய, பல்லுக்கு வழக்கமாக இடமில்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. வாயிலாகப் பல் சிகிச்சை கிடைக்கிறது. கொத்தனாருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், சிறு கடைக்காரருக்கும் அதுவும் இல்லை.

பல்லை உடம்பிலிருந்து பிரித்து வைக்கும் இந்த வழக்கம் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. இது நாம் கடன் வாங்கியது. 1840-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரியோடு சேராமல் தனியாக நிறுவப்பட்டது. அன்றிலிருந்து இரு படிப்புகளும், இரு பட்டங்களும், இரு தொழில்களும் தனித்தனியே வளர்ந்தன. பின்னாளில் காப்பீடுகளை வகுத்தவர்கள் அந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். 1965-இல் அமெரிக்கா முதியோருக்கென மெடிகேர் சட்டத்தை இயற்றியபோதும், 1966-இல் கனடா தேசிய மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்கியபோதும், வழக்கமான பல் சிகிச்சை வெளியே நிறுத்தப்பட்டது. கனடா அந்தப் பிழையைத் திருத்தத் தொடங்கியது 2023-இன் இறுதியில்தான். பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதார சேவை பிறந்தபோது பல் சிகிச்சையும் இலவசமாகவே கொடுக்கப்பட்டது. பல்லாண்டு காலம் வலியைச் சகித்துக்கொண்டிருந்த ஜனங்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். செலவைக் கண்டு அஞ்சிய சர்க்கார் 1951-இல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முற்பட்டது. அந்தச் சேவையைப் படைத்த அமைச்சர் அனூரின் பெவான் அதை எதிர்த்துப் பதவியையே துறந்தார். ஏழைக் கிழவரின் பல் செட்டுக்காக மந்திரி பதவியை விட்ட ஒருவரை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை உண்டாகிறது. அவர் கேட்ட கேள்வி அந்தக் கட்டணத்தின் தொகையைப் பற்றியதன்று. உடம்பின் எந்த அவயவம் சர்க்காரின் பொறுப்பு, எது இல்லை என்று கோடு கிழிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதைப் பற்றியது.

நம் நாட்டில் 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, அதைப் பின்னாளில் மேற்கு வங்க சர்க்காரிடம் ஒப்படைத்தார். பல் மருத்துவம் பொதுச் சொத்தாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தச் செய்கையிலேயே இருக்கிறது. ஆனால் 1948-இன் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பிந்திய தசாப்தங்களில், குறிப்பாக எண்பதுகளுக்குப் பிறகு, இத்துறை பெரும்பாலும் தனியார் கல்லூரிகளின் வழியாகவே பெருகியது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அவர்களுள் எத்தனையோ பேர் நகரத்துக் கிளினிக்குகளில் அற்ப சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். சிலர் தொழிலையே விட்டு வேறு உத்தியோகம் தேடுகிறார்கள். சிகிச்சை கிடைக்காத பல்லும், வேலை கிடைக்காத பல் மருத்துவரும் ஒரே மாவட்டத்தில் அருகருகே இருந்தும் சந்திக்க வழியில்லாமல் இருப்பது, வாய்க்கால் வெட்டாததால் ஏரி நிரம்பியிருந்தும் வயல் காய்வதைப் போன்றது.

வாய்க்கால் வெட்டியவர்கள் இல்லாமல் இல்லை. முதல் உலக யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலை கண்டு திடுக்கிட்ட நியூஸிலாந்து, 1921-இல் இளம் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, பள்ளிக்கூட வளாகத்திலேயே குழந்தைகளின் பல்லை அடைத்துக் காக்கும் ஊழியத்தில் அமர்த்தியது. இந்த முறையைக் கைக்கொண்டு மலாயா 1949-இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இலங்கையிலும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் என்ற ஊழியர் அணி உண்டாயிற்று. நம்மிடம் படித்த பல் மருத்துவர்களே வேலையின்றி இருக்கும்போது, அப்படியொரு புதிய அணியைக்கூட நாம் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. இருப்பவர்களை அமர்த்தினால் போதும்.

கருவிகளின் விலையும் முன்போல் பெரும் தடையாக இல்லை. 1980-களில் தான்சானியாவில், மின்சாரமே இல்லாத கிராமங்களுக்காக, கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டிக் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் அடைக்கும் முறை உருவாக்கப்பட்டு, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவையும் பெற்றது. சுரண்டவும் தேவையின்றி, சொத்தையின்மேல் தடவினால் அது மேலும் பரவாமல் நிற்கும் வெள்ளிச் சேர்மம் கொண்ட திரவம் ஒன்று இருக்கிறது. தடவிய இடம் கறுத்துவிடும் என்பது ஒன்றே அதன் குறை, பால் பல்லுக்கு அது ஒரு குறையே அன்று. அந்தச் சிமெண்டையும், இந்தத் திரவத்தையும், ஃபுளூரைடு கலந்த பற்பசையையும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசைக்கும் பிரஷ்ஷுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதையும் நல்ல காரியமாகவே கருதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு மிகுந்து, குழந்தைகளின் பற்கள் பழுப்பேறிப் பிறரெதிரே வாய் திறக்கக் கூசும்படி ஆன வட்டாரம் அது. 2013-இல் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே செய்தது பல் சிகிச்சையே என்று சொன்னாலும் தவறில்லை.

தமிழ்நாட்டில் ஆரம்பம் ஏற்கனவே ஆகியிருக்கிறது. 2013-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் குறிக்கப்பட்ட முப்பது குறைபாடுகளுள் பற்சொத்தையும் ஒன்று. 2023-இல் இங்கே புன்னகை என்ற பெயரில் பள்ளிச் சிறாருக்கான பல் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பரிசோதனை நல்லதே. ஆனால் சொத்தை இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினால், அந்தச் சீட்டைப் பார்த்த தாய்க்குக் கவலை கூடுமே தவிரப் பல் அடைபடாது. பார்த்த இடத்திலேயே அடைக்கும் ஏற்பாடும் பரிசோதனையோடு சேர்ந்து செல்லவேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தினந்தோறும் ஓரிடத்தில் கூடி உண்கிறார்கள். உண்டு முடித்ததும் அவர்கள் வரிசையாக நின்று, ஆசிரியர் பார்க்க, பட்டாணி அளவு பற்பசையால் பல் தேய்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். ஸ்காட்லாந்தின் மழலையர் பள்ளிகளில் இவ்வாறு தேய்க்க வைத்தே குழந்தைகளின் சொத்தை கணிசமாகக் குறைக்கப்பட்டது. அங்கே ஆவது இங்கேயும் ஆகும்.

பெரியவர்களுக்கு வேண்டியது வேறு. நீரிழிவு ஈறுகளைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு நீரிழிவைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வாயிலாக வீட்டுப் படியில் நீரிழிவு மாத்திரை பெறும் தாய்க்கு, ஆண்டுக்கு ஒரு முறை ஈறு சுத்தம் செய்து கொள்ளும் வழியும் அதே ஊழியரின் கையேட்டில் இருக்கவேண்டும். கேரளத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயது கடந்தோருக்கு மந்தஹாசம் என்ற திட்டத்தில் பல் செட் இலவசமாகக் கொடுக்கிறார்கள்; நம் பாட்டிமார் அதற்குக் குறைந்த தகுதி உடையவர்களல்லர்.

காப்பீட்டுத் திட்டத்தை மாற்றியமைக்கக் காலம் ஆகலாம். ஆயினும், முன்பற்களுக்கும் முதல் கடைவாய்ப் பற்களுக்குமான வேர்ச்சிகிச்சையையும் கேப்பையும் மட்டுமாவது அதில் சேர்த்து, வேலையின்றி இருக்கும் இளம் பல் மருத்துவர்களின் கிளினிக்குகளையும் அங்கீகரித்து, ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று சர்க்காரே நேரடியாகக் கொடுத்தால், வட்டத் தலைநகரங்களிலேயே அந்தச் சிகிச்சை கிடைத்துவிடும். அதற்கும் முன்னதாக, சட்டமோ புதுத் திட்டமோ இன்றி உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதில் 1990-களிலிருந்தே நாடெங்கும் முன்மாதிரியாக விளங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பல் நாற்காலி உள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அடைப்புச் சிமெண்டையும், வெள்ளித் திரவத்தையும், ஃபைல் ஊசிகளையும் பாரசிட்டமால் போவது போலவே மாதந்தோறும் தடையின்றி அனுப்பவேண்டும். அந்த நிலையங்களின் பதிவேட்டில் பிடுங்கிய பற்களுக்கு உள்ள பத்திக்குப் பக்கத்தில், காத்த பற்களுக்கும் ஒரு பத்தி வரையப்பட்டு, மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் இரண்டும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்.